அப்புச்சியின் சந்தா ரசீதுகள்

சிங்காநல்லூர் வீட்டைக் காலி செய்தபோது அப்புச்சியின், அதாவது அம்மாவுடைய அப்பாவின், தகரப் பெட்டிக்குள் ஒரு கட்டு சங்கச் சந்தா ரசீது கிடைத்தது. ரப்பர் பேண்டு இளகிக் காகிதத்தோடு ஒட்டிக் கிடந்தது. மாதம் இரண்டு ரூபாய். தேதி பார்த்து அடுக்கினேன், ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை. "அந்தக் காசுல எண்ணெய் வாங்கியிருந்தா ஒரு வாரம் தாளிச்சிருப்பேன்" என்றது அம்மிச்சி.

அப்புச்சி பஞ்சு மில்லில், நூல் நூற்கும் ஸ்பின்னிங்கில் இருந்தவர். புருவத்தில் பஞ்சோடுதான் வீட்டுக்கு வருவார். சங்கு ஊதியதும் ஒரு ஷிப்ட் வெளியே வரும், இன்னொன்று உள்ளே போகும். மில் வாசலில் சங்கம் போடும் கேட் மீட்டிங் அந்தக் கால் மணி நேரத்தில்தான். சைக்கிளைப் பிடித்தபடி நின்று கேட்பார்கள். 1946 ஜனவரி 8 அன்று கோவை சிறையில் தூக்கிலிடப்பட்ட மில் தொழிலாளர்களான சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரின் பெயரையும் வாய்ப்பாடு மாதிரி எனக்குச் சொல்லிக்கொடுத்தார்: ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன்.

கம்யூனிஸ்ட் தலைவர் பார்வதி கிருஷ்ணனை மூன்று முறை எம்.பி.யாக டெல்லிக்கு அனுப்பிய தொகுதி எங்கள் கோவை. 2004-ல் மக்களவையில் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் சேர்த்து 53 பேர். 2019-ல் ஐந்தே பேர். அதில் நான்கு பேர் தமிழ்நாட்டில் ஜெயித்தவர்கள், அதுவும் திமுக கூட்டணியில். 2024-ல் கோவையை திமுகவே எடுத்துக்கொண்டு மார்க்சிஸ்டுகளுக்குத் திண்டுக்கல்லைக் கொடுத்தது.

கம்யூனிஸ்டுகள் வங்காளத்தில் தோற்றதற்கு, ஆலைகளுக்காக நிலம் எடுப்பதை எதிர்த்துப் போராட்டம் வெடித்த சிங்கூர், நந்திகிராம்தான் காரணம் என்பார்கள். சரி, இருக்கட்டும். எங்கள் பக்கத்துக் கதை வேறு. பழைய மில்கள் ஒவ்வொன்றாக மூடின. சில இடங்களில் இப்போது அபார்ட்மெண்ட். புதிதாக வந்த மில்கள் பலவற்றில் ஆட்கள் காம்பவுண்டுக்குள்ளேயே ஹாஸ்டலில் தங்குகிறார்கள், இல்லையென்றால் கம்பெனி வேனில் வந்து வேனிலேயே போகிறார்கள். ஏன் இப்போதெல்லாம் கூட்டம் நடப்பதில்லை என்று அப்புச்சியிடம் ஒருமுறை கேட்டேன். "கேட்டே இல்லீன்னா கூட்டத்த எங்க கண்ணு போடறது?" என்றார்.

கட்சியைக் குறை சொல்ல எனக்கும் நாலு விஷயம் உண்டு. ஆனால் வாய் கூசுகிறது. நான் வேலை பார்ப்பது ஒரு ஐடி கம்பெனியில். போன வருஷம் ஒரே மத்தியானத்தில் எங்கள் டீமில் ஆறு பேரை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். என் பக்கத்து சீட் பையன் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனான். மிச்சமிருந்த நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கொரு அழுகிற பொம்மை போட்டோம்.