கேட்ட பணம் சொந்தப் பையிலிருந்தே போனால்?

இர்ஃபான் கான் படங்களில் 2018இல் வந்த 'பிளாக்மெயில்' பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்த படம். 'டெல்லி பெல்லி' படத்தை எடுத்த அபினய் தேவ்தான் இயக்குநர்.

டாய்லெட் பேப்பர் கம்பெனியில் வேலை பார்க்கும் தேவ் (இர்ஃபான்), ஒரு நாள் கையில் பூக்களோடு சீக்கிரம் வீடு திரும்புகிறான். உள்ளே மனைவி ரீனா வேறொருவனோடு. கொலை எண்ணம் மனசுக்குள் ஓடி முடிகிறது. அப்புறம், தான் யாரென்று காட்டாமல் அந்த ரஞ்சித்தை மிரட்டிப் பணம் கேட்கிறான்.

ரஞ்சித்தோ பணக்கார மனைவியின் தயவில் இருப்பவன். பணத்துக்கு அவன் ரீனாவை நெருக்க, ரீனா கணவனிடமே வந்து கேட்கிறாள்! இந்தச் சுற்று ஒன்றுக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

இர்ஃபான் ஓரிடத்திலும் கத்தவில்லை. அவமானம், வலி, கொஞ்சம் குரூரம் எல்லாம் அந்தக் கண்களிலேயே இருக்கிறது. பிற்பாதியில் மிரட்டுகிறவர்கள் கூடிக்கொண்டே போவதால் படம் தளர்கிறது, உண்மைதான். ரீனா ஏன் விலகிப்போனாள் என்பதற்கும் இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். ரீனாவாக நடித்த கீர்த்தி குல்ஹரி அதைத் தாங்கியிருப்பார்.