மாமர மேசைக்குப் பளிங்கு முகம்

தேக்கு மேசைக்குப் பெயின்ட் அடிப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். தேக்கு, வேங்கை, தோதகத்தி எல்லாம் ரேகைக்காகவே வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய மரங்கள். எங்கள் வீட்டில் இருப்பது மாமர மேசை. மாமனார் கடைக் கணக்கு எழுதியது, அப்புறம் பிள்ளைகள் படித்தது. மேலே மூன்று பலகை, ஒரு இழுப்பறை, சதுரமான நான்கு கால்கள். மை கொட்டிய கறையும் சூடான டம்ளர் வைத்த வளையங்களும் மேலெல்லாம் இருந்தன. ஒரு மூலையில் உளுத்த ஓட்டைகள். கட்டுமானம் கெட்டியாக இருந்தது, முகம்தான் போய்விட்டது. பெயின்ட் இப்படிப்பட்ட மேசைக்குத்தான். மேல் பலகையைப் பளிங்கு போலத் தீட்டுவது என்று முடிவு செய்தேன்.

"மரத்தைக் கல்லுன்னு காட்டறது போலி வேலை இல்லையா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள். நாங்கள் இருப்பது மதுரையில். திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களைக் கல் என்று நினைத்துத் தொட்டுப் பார்க்காதவர் இருக்க முடியாது. கையில் படுவது கல் இல்லை. மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி மழமழவென்று தேய்த்திருக்கிறார்கள். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்து, கூழாங்கல்லால் மெருகு ஏற்றுகிற அந்த வேலைக்குச் சென்னையிலும் பெரிய பேர் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த வெள்ளைக்காரர்கள் வீட்டுத் தூண்களைப் பளிங்கோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். இத்தாலியில் கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்துச் சுவர்களிலும், சாந்தைப் புடைப்பாகக் கட்டி வண்ணம் தீட்டிய பளிங்குப் பலகைகள் உண்டு. தாமஸ் கெர்ஷா என்ற இங்கிலாந்துக்காரர் 1855 பாரிஸ் கண்காட்சியில் மரமும் பளிங்கும் போலத் தீட்டிக் காட்டிப் பரிசு வாங்கினார். அவர் தீட்டிய பலகைகள் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இவ்வளவு பேர் பாடுபட்டு வளர்த்த கைவேலையை நான் போலி என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த வேலைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கல்லால் செய்ய முடியாத ஒன்றைக் கல் போலத் தீட்டக் கூடாது. குச்சி போன்ற மேசைக்கால்களை யாரும் பளிங்கில் செய்ய மாட்டார்கள், செய்தாலும் நிற்காது. அதனால் கால்கள் மரம் போலவே தெரியட்டும் என்று விட்டேன். மேல் பலகை மட்டும் பளிங்கு.

அடுத்த கேள்வி, அந்த மூன்று பலகைகளின் இணைப்பு. பட்டி வைத்து அடைத்து ஒரே கல்லாகக் காட்டச் சொன்னார் தெரிந்த பெயின்டர் ஒருவர். நான் சம்மதிக்கவில்லை. ஐப்பசி மழையில் மரம் ஈரத்தை இழுத்து உப்பும், சித்திரையில் சுருங்கும். இணைப்பில் வைத்த பட்டி ஒரு வருஷத்துக்குள் கோடு விட்டுவிடும். பளிங்கின் நடுவே நேர்கோட்டில் ஒரு விரிசல் தெரிந்தால் தீட்டியதெல்லாம் வீண். இணைப்புகள் தெரியட்டும், மூன்று கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் பதித்த மாதிரி தீட்டலாம் என்று தோன்றியது. ஒரு பலகையில் ஓடும் ரேகை இணைப்பு வந்ததும் நின்றுவிட வேண்டும். அடுத்த பலகையின் ரேகை வேறு இடத்தில், கொஞ்சம் வேறு சாய்வில் தொடங்க வேண்டும். இந்த ஒரு முடிவுதான் மேசைக்கு உயிர் கொடுத்தது என்பேன்.

தீட்டுவதற்கு முன் ஒரு மார்பிள் கடைக்குப் போய் மக்ரானா பலகைகளைப் பார்த்தேன். தாஜ்மகாலுக்குப் போன அதே ராஜஸ்தான் கல். கடைப் பையன் தண்ணீர் தெளித்ததும் ரேகைகள் எழுந்து வந்தன. சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் மாறித்தான் பளிங்காகிறது. அதில் கலந்திருந்த களிமண்ணும் இரும்புச்சத்தும்தான் சாம்பல், பழுப்பு ரேகைகள். அதனால் ரேகைகளுக்கு ஒரு போக்கு உண்டு. எல்லாம் ஏறத்தாழ ஒரே பக்கம் சாயும், கிளை பிரியும், மெலிந்து காணாமல் போகும், கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி தலைகாட்டும். பல பேர் தீட்டும் பளிங்கு மின்னல் வெட்டின மாதிரி இருப்பதற்குக் காரணம், கல்லைப் பார்க்காமல் கோட்டை மட்டும் போடுவதுதான்.

முன் வேலை அலுப்பானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 80, 120, 220 என்று உப்புத்தாள். உளுத்த ஓட்டைகளுக்கு முதலில் பூச்சி மருந்து, காய்ந்த பிறகு மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்த பட்டி. மைக்கறைமேல் ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கு (ஷெல்லாக்) ஒரு பூச்சு, இல்லாவிட்டால் எத்தனை வெள்ளை அடித்தாலும் மை மேலே கசிந்து வரும். பிறகு பிரைமர், அதன்மேல் மங்கலான வெள்ளை அக்ரிலிக். பளபளப்பான எனாமல் வேண்டாம், அதன்மேல் தண்ணீர் வண்ணம் பிடிக்காமல் உருண்டு நிற்கும். ஆளிவிதை எண்ணெயில் கலக்கும் பழைய முறை அருமையானதுதான், நிதானமாக வேலை செய்ய நேரம் கொடுக்கும். ஆனால் நாளாக நாளாக அந்த எண்ணெய் மஞ்சளாகும். வெள்ளைப் பளிங்குக்கு ஒத்துவராது.

அக்ரிலிக்குக்கு எதிரி மதுரை வெயில். விடியற்காலையில், ஃபேனை நிறுத்திவிட்டு, காய்வதைத் தாமதப்படுத்தும் மீடியத்தைக் கலந்துகொண்டு உட்கார வேண்டும். தனிக் கறுப்பைத் தொடவே இல்லை. வெள்ளையில் பெய்ன்ஸ் கிரே என்ற நீலச் சாம்பலும் துளி ரா அம்பர் என்ற மண் பழுப்பும் சேர்த்துத் தண்ணீர் போல நெகிழ்த்திக்கொண்டேன். முதலில் கசக்கிய பாலிதீன் பையால் மேகம் மேகமாக ஒற்றி, ஈரம் இருக்கும்போதே பெரிய ஷேவிங் பிரஷ்ஷால் மேலோட்டமாக நீவினேன். மேல்நாட்டில் இதற்கென்றே வளைக்கரடி முடியில் தூரிகை செய்கிறார்கள். மிருதுவான, புது ஷேவிங் பிரஷ் நமக்குப் போதும். ஓரம் தெரியாமல் வண்ணம் வெள்ளைக்குள் கரைந்துபோகும்.

ரேகைக்கு நாட்டுக்கோழியின் இறக்கை இறகு. நுனியை வண்ணத்தில் தோய்த்து, விரல்களுக்கிடையே லேசாக உருட்டிக்கொண்டே இழுக்க வேண்டும். கை தானாக நடுங்கும், தடுக்க வேண்டாம். ரேகை மேசை விளிம்போடு நிற்கக் கூடாது, மடங்கிப் பக்கவாட்டிலும் இறங்க வேண்டும். கல் என்று கண் நம்புவது அந்த இடத்தில்தான். ஒரு சுற்று காய்ந்ததும் மிக மெல்லிய வெள்ளையை மேலே பூசி, மறுபடி சில ரேகைகள். முதலில் போட்டவை உள்ளே ஆழத்தில் இருப்பது போலவும் பின்னால் போட்டவை மேலே இருப்பது போலவும் தெரியும். கடைசிச் சுற்றில் நல்ல அழுத்தமான ரேகை பலகைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

கால்களுக்கும் இழுப்பறை முகப்புக்கும் இளம் பழுப்பு அடித்து, அதன்மேல் எண்ணெயில் கலந்த அடர்பழுப்பைப் பூசி, பல் வெட்டிய பழைய பிளாஸ்டிக் கார்டால் நீளவாக்கில் வாரினேன். இரும்புக் கதவுகளை மரம் போலக் காட்ட நம் ஊர்ப் பெயின்டர்கள் செய்யும் அதே வேலைதான். இங்கே எண்ணெய் மஞ்சளானாலும் நல்லதே.

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் கலக்கும் வகை பி.யூ. (பாலியூரித்தேன்) கிளியர், அதாவது நிறமில்லாத வார்னிஷ், மெல்லிய பூச்சுகளாக, நடுநடுவே 400 வாட்டர் பேப்பர். தின்னர் கலக்கும் வகை கிளியர் பெரும்பாலும் மஞ்சளடிக்கும் என்பதால் வேண்டாம். தொட்டால் காய்ந்துவிட்டது போலத்தான் இருக்கும், முழுதாக இறுக இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதுவரை மேலே துணிகூட விரிக்காதீர்கள், நெசவின் அச்சு விழுந்துவிடும். அதற்குப் பிறகும் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைக்கக் கூடாது. நாத்தனார் தன் வீட்டு டீப்பாயைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அது தேக்கு. தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், பாலிஷ் மட்டும் போட்டுக் கொடுக்கிறேன்.