பழைய ஷெல்லைத் தூக்கிப் போடாதீர்கள்

அந்த நாலு சிலிண்டர் எஞ்சின் என்னிடம் வந்தபோது ஏற்கெனவே ஒரு முறை பிரிக்கப்பட்டிருந்தது. மூன்றாவது சிலிண்டரில் ராட் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கன்ராட்) தட்டுகிறது என்று வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கிராங்க்கை (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டை) இறக்கி, 0.25 மில்லிமீட்டர் அரைத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் ஷெல், அதாவது உள் அளவு குறைந்த அரைவட்டப் பேரிங் தகடு, புதிதாகப் போட்டு ஏற்றியிருந்தார்கள். சில மாதம் சத்தமில்லாமல் ஓடியது. அப்புறம் அதே மூன்றாவது சிலிண்டர், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடும்போது அதே டக் டக். முதலில் கழற்றிய ஷெல்கள் எங்கே என்று விசாரித்தேன். அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டனவாம். எனக்கு ரொம்பவே வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்த எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்பது முழுக்க அந்த எட்டு ஷெல்களின் முகத்தில்தான் பதிந்திருக்கும்.

கிராங்க், கன்ராட், பேரிங் தேய்மானம் பார்க்கலாம் என்றதும் கை நேராக மைக்ரோமீட்டருக்குப் போகிறது. அளக்கத்தான் வேண்டும். ஆனால் மைக்ரோமீட்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளும். ஏன் தேய்ந்தது என்று ஷெல்லைப் பார்த்தால்தான் தெரியும், அந்த ‘ஏன்’ தெரியாமல் புது ஷெல் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

கழற்றும்போதே சில விஷயங்களைப் பிடித்துவிட வேண்டும், பிறகு அவை கிடைக்காது. கிராங்க்கை இறக்குவதற்கு முன் அதன் முனையில் டயல் கேஜ் வைத்து, முன்னும் பின்னும் தள்ளி எண்ட் பிளே எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அது அளவுக்கு மேல் இருந்தால் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரைப் பார்க்க வேண்டும், கிளட்ச் பக்கம் ஏதாவது விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ராட்டிலும் அதன் கேப்பிலும் (கிராங்க்கைச் சுற்றி ராட்டோடு போல்ட் போட்டு இறுக்கும் கீழ்ப் பாதியிலும்) சிலிண்டர் எண் போடுங்கள். ராட்டையும் கேப்பையும் ஒன்றாக இறுக்கி வைத்துத்தான் கிராங்க்கைப் பிடிக்கும் பிக் எண்ட் துளையை முடித்திருப்பார்கள், ஆகவே இன்னொரு ராட்டின் கேப் பார்வைக்குப் பொருந்தினாலும் துளை வட்டமாக இருக்காது. இப்போது நிறைய எஞ்சின்களில் கேப்பை அறுக்காமல் உடைத்தே பிரித்த ராட் வருகிறது. அந்த உடைந்த முகத்தில் அரம் வைக்கவே கூடாது, முகம் கீழே படும்படி மேஜையில் கவிழ்த்தும் வைக்கக் கூடாது. ராட்டில் போல்ட் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு துண்டு ரப்பர் ட்யூப் மாட்டிவிட்டு வெளியே தள்ளுங்கள், ஜர்னலில், அதாவது ஷெல்லுக்குள் சுற்றும் கிராங்க்கின் வழவழப்பான பகுதியில், ஒரு கீறல் விழுந்தால் எல்லாமே வீண்.

இனி ஷெல்கள். சுத்தமான துணியில் சிலிண்டர் வரிசைப்படி, மேல் ஷெல் மேலே, கீழ் ஷெல் கீழே என்று பரப்பி வையுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். ஓடிய எஞ்சினில் ராட்டின் மேல் ஷெல்தான் கூடுதலாகத் தேய்ந்திருக்கும், வெடிப்பின் அழுத்தம் பிஸ்டன் வழியாக அதில்தான் இறங்குகிறது. கிராங்க்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கில் கேப் பக்கம் இருக்கும் கீழ் ஷெல் தேயும். இது இயல்பு, பயப்பட வேண்டியதில்லை. செம்பு கலந்த ஷெல்லில் மேலே இருக்கும் மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு போய்ச் செம்பு நிறம் பரவலாகத் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அலுமினியம் ஷெல்லில் இந்த நிற மாற்றம் வராது, அதைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பாதீர்கள்.

மேல் ஷெல்லில் ஒரு ஓரமும் கீழ் ஷெல்லில் அதற்கு எதிர் ஓரமும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள், அந்தப் பிஸ்டனின் பக்கவாட்டிலும் தேய்மானம் சாய்வாக விழுந்திருக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து நின்ற எஞ்சினில் இதை முதலில் தேடுங்கள். இரண்டு ஷெல்லிலும் ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் ஜர்னல் ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருக்கிறது. மெயின் ஷெல்களில் நடுவில் இருப்பது மட்டும் மோசமாகி, ஓரத்துக்குப் போகப் போகக் குறைந்தால் கிராங்க் வளைந்திருக்கலாம் அல்லது பிளாக் கோணியிருக்கலாம். ஷெல்லின் முகத்தில் ஓரிடத்தில் மட்டும் பளபளவென்று ஒரு திட்டு இருந்தால் திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்கள், பொருத்தும்போது அங்கே ஒரு தூசி சிக்கியிருந்ததற்கான தடம் பெரும்பாலும் தெரியும். சுற்றுவாக்கில் கோடு கோடாகக் கீறல், நடுநடுவே பதிந்த துகள் என்றால் எண்ணெயில் அழுக்கு.

என் எஞ்சினின் மூன்றாவது ராட் ஷெல்லில் இருந்தது இந்தக் கடைசி வகைதான். மற்ற மூன்று ராட்டிலும் லேசான கோடுகள், மூன்றாவதில் மட்டும் நகத்தை ஓட்டினால் தடக் தடக்கென்று சிக்கும் பள்ளங்கள். அதற்கு எண்ணெய் அனுப்பும் மெயின் ஷெல்லோ சுத்தமாக இருந்தது. இதை அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மெயினைத் தாண்டி வந்த எண்ணெயில் அழுக்கு இருந்தால் மெயினும் கீறியிருக்க வேண்டுமே. அப்படியானால் மெயினுக்கும் ராட்டுக்கும் இடையில், கிராங்க்கின் உடம்புக்குள்ளேயே இருக்கும் எண்ணெய் வழியில் ஏதோ இருக்கிறது.

ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை நம்பித்தான் இவ்வளவு கனமான சாமான் சுற்றுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம் அடங்குவதில்லை. 1883-இல் பிரிட்டனில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் பேரிங்கில் எண்ணெய் விடுவதற்காக மேலே ஒரு துளை போட்டார், ஷாஃப்ட் சுற்றியதும் எண்ணெய் உள்ளே போகாமல் அந்தத் துளை வழியாக மேலேறி வந்தது, மரக்கட்டையைச் செருகி அடைத்தும் கட்டையையே வெளியே தள்ளிவிட்டது. சுழலும் ஷாஃப்ட் எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து அழுத்தம் உண்டாக்கி அதன் மேல் மிதக்கிறது என்பதை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டு விளக்கினார். அந்தப் படலத்தை விடப் பெரிய துகள் ஒன்று உள்ளே வந்துவிட்டால் மிதப்பதாவது, அறுபடுவதுதான்.

சரி, அளவுகள். ஒவ்வொரு ஜர்னலிலும் நீளவாக்கில் இரண்டு இடம், ஒவ்வொரு இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு திசை, ஆக நான்கு அளவு. ஒரே இடத்தின் இரண்டு திசைகளுக்குள் வரும் வித்தியாசம் ஓவல். நீளவாக்கில் வரும் வித்தியாசம் டேப்பர். ராட் ஜர்னல் ஒரு பக்கமே அடி வாங்குவதால் ஓவல் ஆகும். எவ்வளவு வரை தாங்கும் என்பதை அந்த எஞ்சினின் மேனுவல்தான் சொல்ல வேண்டும், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில்தான் பேச்சே இருக்கும். கிராங்க்கை வீ பிளாக்கில் வைத்து நடு மெயினில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் வளைவு தெரியும், கேஜ் காட்டுவது வளைவைப் போல் இரண்டு மடங்கு என்பதை மறந்துவிட வேண்டாம். கிராக் இருக்கிறதா என்று தெரியக் காந்தத் துகள் சோதனைக்கு அனுப்புவதுதான் நிச்சயம். ஜர்னலும், ஜர்னல்களை இணைக்கும் கையான ‘வெப்’பும் சேரும் வளைவிலும், எண்ணெய்த் துளை ஓரத்திலும்தான் அது தொடங்கும். ராட்டில் ஷெல் இல்லாமல் கேப்பைச் சரியான டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்கி, துளையின் உள் அளவு எடுக்கும் போர் கேஜால் பிக் எண்ட் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பொருத்தும்போது பிளாஸ்டிகேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) போட்டுப் பார்ப்பதை நான் விடுவதே இல்லை. ஜர்னலையும் ஷெல்லையும் எண்ணெய் இல்லாமல் துடைத்து, அந்த மெல்லிய இழையை வைத்து, கேப்பை முழு டார்க்கில் இறுக்கி, மறுபடி கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் இருக்கும் அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். நடுவில் கிராங்க் கொஞ்சம்கூடச் சுற்றக் கூடாது. இழை ஒரு முனையில் அகலமாகவும் மறு முனையில் ஒல்லியாகவும் இருந்தால் டேப்பர் அங்கேயே பல்லை இளிக்கும். 50 மில்லிமீட்டர் ஜர்னலுக்குச் சுமார் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி என்பது பழைய கைக்கணக்கு, ஒரு தோராயத்துக்கு மட்டும்.

என் கிராங்க்கில் எண்ணெய் வழிகளின் முனையை மூடும் பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். மூன்றாவதுக்குப் பின்னால் கறுப்புக் களிம்பு ஒன்று அடைந்திருந்தது, விரலில் தேய்த்தால் மணல் போல நறநறவென்றது. போன முறை அரைத்தபோது உள்ளே போன பொடி. அரைத்தவர்கள் வெளியே பளபளப்பாகக் கழுவியிருக்கிறார்கள், பிளக்கைக் கழற்றவே இல்லை. எல்லா வழிகளையும் நீளமான பிரஷ் விட்டுத் தேய்த்து, கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணித் திரி உள்ளே போய் வெள்ளையாகவே வெளியே வரும் வரை திரும்பத் திரும்பச் செய்தேன். ஜர்னல்களை அடுத்த அளவான 0.50-க்கு அரைத்து வாங்கியதும் இதே வேலை இன்னொரு தடவை.

ஏற்றிய பிறகு உடனே ஸ்டார்ட் செய்யாமல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டேன். கழற்றிய எட்டு ஷெல்லையும் எண் எழுதிய கவரில் போட்டு வண்டிக்காரரிடமே கொடுத்துவிட்டேன்.