உதயகிரிக் கோட்டையில் ஒரு கல்லறை நடை

தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையை வனத்துறை பல்லுயிர்ப் பூங்காவாகப் பராமரித்து வருவதால், அங்கு வருபவர்களில் பெரும்பாலோர் மான்களைப் பார்த்துவிட்டு மர நிழலில் கட்டுச்சோற்றை உண்டு திரும்பிவிடுகிறார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சிலர் அங்கே போனது, கோட்டைக்குள் கூரையிழந்து நிற்கும் பழைய தேவாலயத்தின் கல்லறைகளைப் பார்ப்பதற்காக. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் எங்களை அழைத்துச் சென்றார். வழியில் யாரோ சுரங்கப் பாதையைப் பற்றிக் கேட்டபோது, "மக்களே, முதல்ல கல்லைப் படிப்போம், பொறவு கதை பேசலாம்" என்று அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நம் ஊர்க் கோட்டைகளில் கல்லைவிடக் கதைதான் அதிகம்.

அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்களுள் முதன்மையானவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்த டிலனாய். 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் டச்சுப் படை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றதையடுத்துச் சிறைப்பட்ட அவர், பின்னர் அதே மன்னரின் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்து, இக்கோட்டையில் பீரங்கி வார்ப்பதையும் மேற்பார்வையிட்டு, மக்கள் வாயில் 'வலிய கப்பித்தான்' (பெரிய தளபதி) ஆனார். களக்காட்டுப் போரில் உயிரிழந்த அவருடைய மகனும் அருகிலேயே உறங்குகிறார்.

கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் உள்ளது. வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்கும் லத்தீன் வாசகம், அவர் ஏறத்தாழ 37 ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாக ஊழியம் செய்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரையிலான நாடுகளைத் தம் படைவலிமையால் பணியவைத்ததையும், 62 ஆண்டுகளும் 5 மாதங்களும் வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று இறந்ததையும் கூறுகிறது. ஆசிரியர் அந்த ஒரு வரியிலேயே நெடுநேரம் நின்றார். காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என ஒவ்வொரு நாடாகப் பெயர் சொல்லி, அங்கெல்லாம் மடிந்த இரு தரப்பு வீரர்களில் எத்தனை பேருக்கு இப்படியொரு கல் கிடைத்திருக்கும் என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

அந்த 37 ஆண்டுகளுக்குள் வரும் வேறொரு மரணத்தைக் கல் குறிப்பிடவில்லை. நட்டாலத்தைச் சேர்ந்த அரசு அலுவலரான நீலகண்ட பிள்ளை, டிலனாயின் நட்பால் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். டிலனாய் விசுவாசத்தோடு பணியாற்றிய அதே அரசு தேவசகாயத்தைச் சிறையிலிட்டுச் சித்திரவதை செய்தது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நண்பரைக் காக்க முடியாத நிலையில் தளபதி அதன் பிறகும் இருபத்தைந்து ஆண்டுகள் அதே பணியில் நீடித்தார் என்பதை அறிந்தபின், 'உண்மையாக' என்ற சொல்லை என்னால் முன்போல் படிக்க முடியவில்லை.

தேவசகாயத்தின் கல்லறை நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்; அங்கே எப்போதும் யாராவது வேண்டிக்கொண்டிருப்பார்கள். கப்பித்தானின் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்ற ஆளில்லை. பூங்காவுக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்ட ஒரு தெளிவான தமிழ்ப் பலகையாவது வைக்கலாம். இந்த நடையை மேற்கொள்ள விரும்புவோர் இரண்டு கல்லறைகளையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது, உதயகிரியை முதலில் வைத்துக்கொண்டு.