நிபுணர்கள் சரியாகச் சொல்லியிருந்தால்?

எல்ஜிபிடி மாநாட்டில் பேச நான் எடுத்துக்கொண்டது அமெரிக்க உளவியலாளர் எவ்லின் ஹூக்கரின் ஆய்வை. நான் புள்ளியியல் சொல்லித்தருகிறவள். கவிதையும் கொடியும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

தன்பாலீர்ப்பு ஒரு மனநோய் என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. சிகிச்சையில் இருந்தவர்களையும் கைதிகளையும் வைத்தே பெரும்பாலும் அந்த முடிவுக்கு வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று எண்ணினால் ஊருக்கே காய்ச்சல் என்றுதான் கணக்கு வரும். ஹூக்கர் சிகிச்சையில் இல்லாத 30 தன்பாலீர்ப்பு ஆண்களைத் தேடிப் பிடித்தார். வயது, படிப்பு, அறிவுத்திறன் எல்லாவற்றிலும் அவர்களுக்கு இணையாக 30 எதிர்பாலீர்ப்பு ஆண்கள். உளவியல் சோதனைகள் நடத்தி, யார் எவர் என்று சொல்லாமல் விடைகளை நிபுணர்களிடம் கொடுத்தார். அவர்களால் பிரிக்க முடியவில்லை. 1956இல் சிகாகோவில் நடந்த உளவியலாளர் மாநாட்டில் இதை வாசித்தார்.

அங்கிருந்து 1972க்குத் தாவினேன். டல்லாஸில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கூட்டம். முகமூடி, பொய்முடி, தொளதொள கோட்டு, குரலை மாற்றும் மைக்கோடு ‘டாக்டர் எச். அனானிமஸ்’ என்று மேடையேறினார் மனநல மருத்துவர் ஜான் ஃப்ரையர். தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக ஏற்கெனவே வேலை போனவர். அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்தச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது.

கைதட்டினார்கள். கருத்துச் சீட்டுகளில் ‘அருமை’ நிறைய. அதை வைத்து என்ன செய்வது? திரையில் எழுத்து பொடியாக இருந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். அது உபயோகமானது.

ஆனால் கேள்வி நேரத்தில் வயதான ஒருவர் மைக்கை வாங்கி, “அந்த நிபுணருங்க சரியா பிரிச்சுச் சொல்லியிருந்தா? நமக்கு உரிமை இல்லைன்னு ஆகியிருக்குமாம்மா?” என்றார்.

அரங்கம் சிரித்தது; அவர் சிரிக்கவில்லை. நோய் என்ற பெயரைச் சொல்லித்தான் மின்அதிர்ச்சி வரை கொடுத்தார்கள், அந்த ஆயுதத்தைப் பிடுங்க மருத்துவ மொழியிலேயே பேச வேண்டியிருந்தது என்றேன். இப்போதும் அதுதான் என் கருத்து. அவர் தலையாட்டிவிட்டு, “சரி. பிடுங்கினப்புறமும் சர்டிபிகேட்டை ஏன் காட்டிக்கிட்டே இருக்கோம்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வெளியே வந்தால் ஒரு திருநம்பி, பெண் என்று பதியப்பட்டுப் பிறந்து ஆணாக வாழ்பவர், அந்தப் பெரியவர்மேல் கோபமாக இருந்தார். “அவருக்கு டாக்டர் வேணாம். எனக்கு ஹார்மோன் வேணும், ஆபரேஷன் வேணும். நோய்ப் பட்டியல்ல ஒரு குறியீடு இல்லாம இன்சூரன்ஸ்ல யாரு குடுப்பா?” நியாயம்தான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற சர்வதேச நோய்ப் பட்டியலான ஐசிடி-11இல் இந்தச் சிக்கலுக்காகவே ஒரு நடுவழி பிடித்தார்கள்: பாலின இசைவின்மையை, அதாவது பிறப்பில் பதிந்த பாலினமும் தான் உணரும் பாலினமும் பொருந்தாத நிலையை, மனநோய் அத்தியாயத்திலிருந்து தூக்கிவிட்டார்கள், ஆனால் பட்டியலைவிட்டே நீக்காமல் பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்தில் வைத்தார்கள். சிகிச்சைக்கான கதவு மூடிவிடக் கூடாதே. திருநம்பிக்கு அதுவும் திருப்தியில்லை, இருந்தாலும் முன்னைக்குத் தேவலை என்றார்.

அந்தப் பெரியவரையும் இவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்துவிட்டு நான் கீழே இருந்து கேட்கலாம் என்று தோன்றுகிறது. அது நடக்காவிட்டால், அடுத்த உரையில் பாதி நேரம் ஐசிடிக்குத்தான். ஃப்ரையரின் முகமூடியைச் சுருக்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் மனசு வரவில்லை.