மெரூன் பஞ்சு

அப்பாவின் கம்ப்யூட்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2009-இல் வாங்கியது, உள்ளே கோர் 2 டுவோ சிப்பு, இன்னும் விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்டே 2020 ஜனவரியோடு அதைக் கைகழுவிவிட்டது, அப்பா விடவில்லை; அசோசியேஷன் தண்ணீர் லாரிக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறதாம். இந்த அக்னி நட்சத்திரத்தில் அது போட்ட சத்தத்தில், போனில் பேசிக்கொண்டிருந்த சித்தி "எங்கடி இருக்கே, மாவு மில்லுலயா?" என்று கேட்டாள். சத்தம் மட்டும் என்றால் பரவாயில்லை, எங்கள் வீட்டுக்குச் சத்தம் புதிதா என்ன? கணக்கு முடிந்து டோட்டல் போடுகிற நேரமாகப் பார்த்துப் பொட்டென்று அணைந்துவிடும்.

ஆளுக்கொரு வைத்தியம். அம்மா யுபிஎஸ் மேல் பழியைப் போட்டாள். தம்பி பெங்களூரில் இருந்துகொண்டே வைரஸ் என்றான். ரிப்பேருக்கு வந்தவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் "போர்டு போயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு விசிட்டிங் சார்ஜோடு கிளம்பினார். அப்பாதான் காரியத்தில் இறங்கினார். கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றி, வீட்டில் உருப்படியாக ஓடும் ஒரே டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பிவிட்டு, தான் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு வியர்த்து ஊற்றுகிறதே என்றால், "அது வாயில்லாத ஜீவன்மா" என்கிறார். வாயில்லாததா? தெருமுனை வரைக்கும் கேட்கிறது!

உண்மையில் கம்ப்யூட்டருக்குள் சத்தம் போடும் ஃபேன் மேல் தப்பே இல்லை. சிப்பு சூடாக ஆக போர்டுதான் அதை வேகமாகச் சுற்ற வைக்கும். அது இப்படிக் கத்துகிறது என்றால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே எங்கேயோ அடைத்திருக்கிறது. விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் பயாஸ் செட்டிங்கில் போய்ப் பார்த்தால், ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 91 டிகிரி. "மனுஷனுக்கே 98 இருக்கும்" என்றார் அப்பா. செல்சியஸ், ஃபாரன்ஹீட் என்று ஆரம்பித்தேன், அப்புறம் நமக்கெதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சிப்பு மேல் ஃபேனோடு உட்கார்ந்திருக்கும் கூலரை நான்கு பிளாஸ்டிக் கால்கள்தான் போர்டோடு பிடித்துக்கொண்டிருக்கின்றன. அம்புக்குறி காட்டும் பக்கம் திருகினால் விட்டுவிடும். திரும்ப மாட்டுவதுதான் கொடுமை, எதிரெதிர் மூலையாகப் பார்த்து அழுத்த வேண்டும், அப்போது போர்டு வளைகிற வளைவில் நமக்குக் குலை நடுங்கும். சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வைத்திருந்த புது டியூபில் பட்டாணி அளவு வைத்தேன்.

அதெல்லாம் கிடக்கட்டும். மேலே பார்க்க ஃபேன் சுத்தமாகத்தான் இருந்தது. அதைத் தனியாக எடுத்தால், கீழே அலுமினியத் தகடுகளையே காணோம்! விரல் கனத்துக்குப் பஞ்சு, கலர் கலராக, உரித்தால் ஒரே துண்டாக வருகிறது. அம்மாவின் ஓவர்லாக் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே ப்ளக் பாயிண்ட் என்பதால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தானே குடித்தனம்? அவள் ரவிக்கை ஓரத்தை வெட்ட வெட்ட, இது உறிஞ்சி உறிஞ்சித் தன் நெஞ்சிலேயே அடைத்துக்கொண்டிருக்கிறது.

மாட்டி ஓடவிட்டதும் 46 டிகிரி. மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்பா, நின்றுபோய்விட்டதோ என்று குனிந்து பார்த்தார்.

பஞ்சை அம்மாவிடம் ஆதாரமாக நீட்டினேன். "இது என் பஞ்சே இல்ல" என்றாள் முதலில். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிரிக்க ஆரம்பித்தாள். இந்தக் கிளிப்பச்சை தம்பி கல்யாணத்துக்குத் தைத்தது, இந்தச் சந்தனக் கலர் பெரியம்மா கொண்டுவந்த லைனிங், நாலு தடவை அளவு மாற்றினாளே அது. மெரூன் வந்ததும் கை நின்றது.

"மூணாவது வீட்டுக்காரி! எல்லா ரவிக்கையும் மெரூன். தையல் கூலி இன்னும் ஒத்தப் பைசா வரல."

பஞ்சை ஒரு கேரி பேகில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கையோடு வாங்காமல் வரமாட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். வந்தாள். பணம் வரவில்லை. பின்னாலேயே அந்த மெரூன்காரியின் வீட்டுக்காரர் ஒரு சிபியூவைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அவர்கள் வீட்டிலும் இதே சத்தமாம், நான் சரிசெய்து கொடுத்துவிட்டால் தையல் கூலியோடு சேர்த்து மொத்தமாகக் கொடுத்துவிடுவார்களாம். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டாள்.

அவர்கள் வீட்டில் மூன்று பூனை.