கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

2023 ஆகஸ்டில் சிங்கப்பூர் ஜூரோங் ஈஸ்டில் இருந்த ஜேகியூப் மாலை மூடினார்கள். அதோடு அங்கிருந்த ஒலிம்பிக் அளவு ஐஸ் ரிங்க்கும் போனது. மகளுக்கு அப்போது பத்து வயது, நாலு வருடமாக அங்கேதான் ஃபிகர் ஸ்கேட்டிங் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த வருடக் கடைசியில் கணவருக்கு டெல்லிக்கு மாற்றல் வந்தது. "ஐஸும் கிடையாது, ஊரும் கிடையாதா?" என்று கேட்டாள்.

துவாரகாவில் வீடு, வெளிநாட்டவர் பதிவு, கேஸ் இணைப்பு, எனக்கு வராத இந்தி. எல்லாரும் படுகிற பாடுதான், விடுங்கள்.

நான் எதிர்பார்க்காதது, குருகிராமில் ஒரு மாலுக்குள் ரிங்க் இருந்தது. முழு அளவு ரிங்க் என்றால் 60க்கு 30 மீட்டர். இது அதில் பாதிகூட இருக்காது, வேகம் எடுப்பதற்குள் சுவர் வந்துவிடும். ஆனால் அங்கே பயிற்சி கொடுப்பவர் கரோல்பாகில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ரோலர் ஸ்கேட்டிங்கில் தொடங்கி ஐஸுக்கு வந்தவர். முப்பது வயது இருக்கும்.

முதல் நாள் மகளை ஐஸில் இறங்கவே விடவில்லை. பூட்ஸைக் கழற்றச் சொல்லி, கவிழ்த்துப் பிடித்து, பிளேடின் குறுக்கே ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்தார். பிளேடின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும், அதன் இரண்டு ஓரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நாணயம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் வைத்து இழுத்தார். ஒரு ஓரத்தில் நகம் மாவு மாதிரி உதிர்ந்தது, மறு ஓரத்தில் ஒன்றுமே இல்லை. "அரே, இதை வெச்சுண்டா இத்தனை நாள் சுத்தினே?" என்று அவளிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காருங்க ஜி. நீங்க இங்க நின்னா இவ உங்களைத்தான் பாப்பா."

எனக்குச் சுருக்கென்றது. சிங்கப்பூர் கோச் அரைமணிக் கணக்கு பார்ப்பவர். நேரம் முடிந்தால் அடுத்த பிள்ளை. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் எனக்கு வீடியோ வந்துவிடும். இங்கே வீடியோவும் இல்லை, விளக்கமும் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் இரண்டு வாய் அசைவதுதான் தெரியும். வீட்டில் மகள் வாயைத் திறந்தால் "மேம் சொன்னாங்க." பருப்பில் நெய் விடுவதற்குக்கூட மேம் சொல்ல வேண்டும்!

ஆக்ஸல் என்கிற தாவலில்தான் மாட்டிக்கொண்டாள். மற்ற தாவல்களுக்குப் பின்னோக்கிக் கிளம்புவார்கள், இதற்கு மட்டும் முன்னோக்கி. இறங்குவதோ பின்னோக்கி. அதனால் ஒற்றை ஆக்ஸல் என்றாலே ஒன்றரைச் சுற்று. ஆக்ஸல் பால்சன் என்ற நார்வேக்காரர் 1882இல் தாவிக் காட்டியது. "அவன் தாவிட்டுப் போயிட்டான், நாம அவஸ்தைப்படறோம்" என்பார் கோச். ஞாயிற்றுக்கிழமைகளில் மலை மந்திருக்குப் போய்விட்டு அப்படியே எங்கள் வீட்டுக்கு வருவார். மொட்டை மாடியில் கோலமாவால் கோடு இழுத்து, வெறும் ஷூவோடு அந்த ஒன்றரைச் சுற்றைத் தாவ வைப்பார்.

ஜனவரியில் சிம்லாவுக்கும் கூட்டிப்போனார். 1920இலிருந்து இருக்கிற ரிங்க், இயற்கையாக உறைகிற ஐஸ். மேகம் மூடினால் ஐஸ் பிடிக்காது. மூன்று நாளில் ஒரே ஒரு காலை கிடைத்தது.

போன வருடம் ஒரு மத்தியானம் கோச்சிடமிருந்து ஃபோன். "பயப்படாதீங்க ஜி, குழந்தை நன்னா இருக்கா. பெரியவளாயிட்டா." மெட்ரோவில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான், ஆனால் அதை அவள் முதலில் சொன்னது என்னிடம் இல்லையே. மறுநாள் காலையில் கோச் வாசலில் நின்றார், கையில் எவர்சில்வர் டிபன். கரோல்பாகிலிருந்து அவருடைய அம்மா கிளறி அனுப்பிய உளுத்தங்களி, நல்லெண்ணெய் மிதக்க. டெல்லியில் இன்னொரு வீட்டுச் சமையல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அன்றுதான் முதல்முறை. உறவு முறை சொல்லிக் கூப்பிட எனக்கு அந்த ஊரில் அதுவரை ஒருவரும் இல்லை.

டிசம்பரில் ரிங்கிலேயே ஒரு சின்னப் போட்டி நடந்தது. ஆடி முடித்த பிள்ளை கோச்சோடு பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண்ணுக்குக் காத்திருக்க வேண்டும், அதற்குப் பெயரே கிஸ் அண்ட் க்ரை. அம்மாக்களுக்கு அங்கே இடமில்லை. இவள் ஆக்ஸலில் விழவில்லை. ஆனால் தாளில் அதன் பக்கத்தில் அம்புமுனை மாதிரி ஒரு குறி. சுற்று முழுமையாகவில்லை, கால் சுற்றுக்கு மேல் குறைகிறது என்று அர்த்தமாம். இரண்டு பேரும் அந்தக் குறியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பூட்ஸை வாங்கி, துண்டால் பிளேடைத் துடைத்து உறை போடப் போனேன். கோச் கையை நீட்டித் தடுத்தார். பிளேடும் பூட்ஸும் சேருகிற இடத்தில் விரலை விட்டு எடுத்து, ஈரத்தைக் காட்டினார்.

"இங்க விட்டுட்டீங்க அக்கா. துரு பிடிச்சுடும்."